பட்டினிப் பாதி

அவளுக்குக் கரண்டி என்று பேர் வைத்தது மூத்தவர்தான். அவள் புருஷனுக்கு அண்ணன். கல்யாணமாகி வந்த புதிதில் அவள் குழம்பு ஊற்றுகிற அழகைப் பார்த்துவிட்டு, "இது கை இல்லடா, கரண்டி. ஒருத்தன் தட்டுல ஒரு சொட்டு கூடுதலா விழுதா பாரு" என்றார். பேர் ஒட்டிக்கொண்டது. ஐந்து பெண்களில் மூத்தவளாகப் பிறந்து, இருக்கிற சோற்றை ஐந்து தட்டுக்கும் நிரவியே வளர்ந்தவள் அவள். அவித்த முட்டையை நூலால்தான் அறுப்பாள். மீனில் நடுத்துண்டு இன்றைக்கு யாருக்கு, அடுத்த தடவை யாருக்கு என்பது மனசில் இருக்கும். இது நல்ல குணமா, ஒரு வகைக் கிறுக்கா என்று அவள் புருஷனுக்கு இருபது வருஷமாகியும் விளங்கவில்லை.

அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் வயல் ஒன்றுதான். பத்திரம் ஒன்று, வாய்ப்பேச்சில் பாகம் இரண்டு. நடு வாய்க்காலுக்கு வடக்கே மூத்தவருக்கு, தெற்கே இளையவனுக்கு. உழுவதும் விதைப்பதும் தலையில் கை வைத்து உட்காருவதும் சேர்ந்தேதான். மூன்று வருஷத்துக்கு முன்னால் பெரிய காற்றடித்தபோது ஊரோரத்து உப்பங்கழியின் கரை உடைந்து கடல்தண்ணீர் உள்ளே வந்து, பதினோரு நாள் வயலில் நின்றுவிட்டுப் போனது. தண்ணீர் போனது, உப்பு போகவில்லை. வெயில் ஏறினால் மண்மேல் வெள்ளை பூக்கும். மக்காச்சோளம் முழங்கால் உயரம் வந்து நிற்கும், இலையோரம் தீய்ந்துபோகும், பேருக்கு ஒரு கதிர் வைத்து, அதிலும் பல் விழுந்த வாய் மாதிரி நாலு மணி இருக்கும். உரம் போட்டால் போட்ட உரம் மண்ணிலேயே கிடக்கும்.

இறால் வளர்க்கிற கம்பெனிக்காரன் ஒருத்தன் கழியோரத்து வயல்களையெல்லாம் குத்தகைக்குக் கேட்டுக்கொண்டிருந்தான். குளம் வெட்டி உப்புத்தண்ணீர் நிறுத்துவான். மூத்தவருக்குக் கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தது. முப்பது வருஷம் லாரி ஒர்க்‌ஷாப்பில் வண்டிக்கு அடியில் படுத்துப் படுத்து முட்டி இரண்டும் தேய்ந்துபோன மனுஷன். பெண்டாட்டி போய்ச் சேர்ந்துவிட்டாள், மகள் வெளியூர். தம்பி வீட்டில்தான் சாப்பாடு.

"செத்த மாட்டுக்கு எத்தனை நாளைக்குடா புல்லு போடுவ?" என்பார்.

"குளமா வெட்டிட்டா அப்புறம் என்னைக்குண்ணே அது வயலாகும்?" என்பான் தம்பி. அவன் காலையில் தீவன ஆலையில் மூட்டை தைப்பவன். மற்றவர்கள் வயலில் விளைந்த சோளத்தைத் தினமும் மூக்கால் முகர்ந்துவிட்டு வருகிறவன். "வேணும்னா உங்க பாதியை மட்டும் குடுங்க."

"அரை வயித்துக்கு மட்டும் விஷம் குடிக்க முடியுமாடா? என் பாதியில உப்புத்தண்ணி நின்னா உன் பாதி மட்டும் இனிக்குமா? குடுத்தா முழுசும், இல்லன்னா இல்ல."

இந்த நிலைமையில்தான் மண்ணு மேடம் வந்தார். ஆராய்ச்சி நிலையத்துக்காரர். ஸ்கூட்டரில் வந்து வயல் வயலாக மண்ணைத் தோண்டிப் பொட்டலம் கட்டிக்கொண்டு போனதால் அந்தப் பேர். முப்பது, முப்பத்திரண்டு வயசு இருக்கும். பேசும்போது கையில் ஒரு மண்கட்டியை உருட்டிக்கொண்டே இருப்பார்.

"கழியோரத்துல, உப்புத்தண்ணியில நின்னுக்கிட்டே பச்சைப்பசேல்னு ஒரு புல்லு இருக்கே, பாத்திருக்கீங்களா?" என்று கேட்டார். "அதோட வேர்லேருந்து எடுத்த கிருமி இது. நோய்க்கிருமி இல்ல, நல்லது. வேரைச் சுத்திக் குடியிருக்கும். உப்பை வாசல்லயே நிறுத்தும். மண்ணுல பூட்டிக் கெடக்கிற மணிச்சத்து, சாம்பல் சத்தையெல்லாம் அவுத்துப் பயிருக்குக் குடுக்கும்."

"கண்ணுக்கே தெரியாத பூச்சி உப்பை வாசல்ல நிறுத்துமாக்கும்?" என்றார் மூத்தவர். "எங்க ஒர்க்‌ஷாப் வாட்ச்மேன் ஆறடி ஆளு, அவனே ஒருத்தனையும் நிறுத்தினதில்ல."

மேடம் சிரித்துவிட்டார். பிறகு பேச்சு படிந்தது. ஒரு போகம் சோதனை. பாதி வயலுக்கு உயிருள்ள கரைசல், பாதி வயலுக்கு அதே கரைசலைக் கொதிக்க வைத்து, உள்ளே இருப்பதையெல்லாம் சாகடித்தது. கடைசியில் இரண்டையும் எடை போட்டுப் பார்ப்பது.

"செத்ததை எதுக்கு மேடம் ஊத்தணும்? சும்மா விட்டாப் போதாதா?" என்று கேட்டாள் கரண்டி.

"எல்லாம் ஒண்ணுபோல இருக்கணுங்க அக்கா. உயிர் ஒண்ணுதான் வித்தியாசமா இருக்கணும். அப்பத்தான் விளைஞ்சா அது அந்த உயிராலதான் விளைஞ்சதுன்னு அடிச்சுச் சொல்ல முடியும்."

கரண்டிக்கு இது பிடிக்கவில்லை. பட்டினி போட்டாலும் ஒரு நியாயம் இருக்கிறது. வெறும் பாத்திரத்தைக் காட்டிச் சாப்பிடச் சொல்வது என்ன நியாயம்?

மூத்தவர் தன் வார்த்தையை அங்கேயே வைத்தார். "உயிருள்ள பாதி, செத்த பாதியைவிடக் கால் பங்கு கூடுதலா விளையட்டும். நான் கம்பெனிக்காரனுக்குக் கையெழுத்துப் போடல. விளையலன்னா, தம்பி, நீ மறுபேச்சுப் பேசக் கூடாது."

"சரிண்ணே."

எந்தப் பாதிக்கு எது என்று மேடம் காசு சுண்டிப் பார்த்தார். செத்தது வடக்குப் பாதிக்கு விழுந்தது.

"பாத்தியா," என்றார் மூத்தவர், "காசுகூடத் தம்பி பக்கம்தான் சாயுது. எனக்கு வாச்சது செத்தது." எல்லோரும் சிரித்தார்கள். கரண்டி சிரிக்கவில்லை.

விதைக்கு முலாம் பூசும் வேலை அவளுக்கு. வெல்லப்பாகில் கரைசலைக் கலந்து, விதையைப் போட்டுப் புரட்டி, நிழலில் சாக்கின்மேல் உலர்த்த வேண்டும். உயிருள்ள கேனுக்கு நீல மூடி, செத்ததற்குச் சிவப்பு மூடி. ஒன்றைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் இன்னொன்றைத் தொடக் கூடாது. இரண்டு சாக்கிலும் விதை ஒரே நிறமாகத்தான் காய்ந்தது. பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தன.

எட்டாம் நாள் தெற்கே முளைப்பு நெருக்கமாக வந்தது. வடக்கே வெளிறிப்போய்த் தாமதமாக எட்டிப் பார்த்தது. பத்தாம் நாள் தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கும்போது எதிர்வீட்டுக்காரி சும்மா இராமல், "என்னக்கா, உங்க பாதி மட்டும் ஜம்முனு இருக்கு? பெரியவர் பாதிக்கு உப்பையே உரமாப் போட்டுட்டீங்களா?" என்று கேட்டாள். கேலிதான். ஆனால் கரண்டிக்குச் சுருக்கென்று தைத்தது. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அதே நினைப்பு. நம்ம கையால சோறு சாப்பிடுற மனுஷன். அவர் பங்குக்குச் செத்ததைக் குடுத்துட்டு நம்ம பங்குக்கு உயிரைக் குடுத்திருக்கோம். ஒரு கண்ணுக்கு வெண்ணெய், ஒரு கண்ணுக்குச் சுண்ணாம்பு.

நீல மூடிக் கேன் கொல்லைப்பக்கம் காலியாகக் கிடந்தது. கழுவி வைக்கச் சொல்லியிருந்தார் மேடம். அவள் மூடியைத் திறந்து பார்த்தாள். அடியில் வழவழவென்று ஒரு விரற்கடை ஒட்டிக்கொண்டிருந்தது.

உயிருள்ளது என்றால் பெருகும். இதை ஆராய்ச்சி நிலையத்தில் வந்தா சொல்ல வேண்டும்? நேற்றைய தயிரில் ஒரு கரண்டி எடுத்து இன்றைய பாலில் விட்டால் விடிவதற்குள் முழுப் பாத்திரமும் தயிர். அவள் வெல்லத்தைக் கரைத்துக் காய்ச்சி, கைபொறுக்கிற சூட்டுக்கு ஆறவிட்டு, அந்தத் தண்ணீராலேயே கேனைக் கழுவிப் பானையில் ஊற்றி, மெல்லிய துணியால் வாயைக் கட்டி, அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தாள். மூன்றாம் நாள் மேலே நுரை கட்டியிருந்தது. முகர்ந்தால் புளித்த மாவு வாசனையோடு மழை விழுந்த மண் வாசனையும் வந்தது. கேனைத் திறந்தபோது வந்த வாசனை அப்படியே.

காலையில் புருஷன் ஆலைக்குப் போவான். மூத்தவர் முட்டிக்கு எண்ணெய் தடவிக்கொண்டு வீட்டோடு இருப்பார். கரண்டி பானையைத் தண்ணீரோடு கலந்து, வடக்குப் பாதியில் செடிக்கு ஒரு குவளை என்று வேரோரம் ஊற்றினாள். மண்டை காய்கிற வெயில். குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப்போனது. ஒரு செடியும் விடவில்லை. பானையில் எப்போதும் கொஞ்சம் மீதி வைத்து மறுபடி வெல்லத்தண்ணீர் விட்டு வைத்தாள். வாரம் ஒரு தடவை, நாலு வாரம்.

யாரிடமும் சொல்லவில்லை. திருட்டுத்தனம் என்று நினைத்துச் சொல்லாமல் இருக்கவில்லை. இரண்டு பாதியும் விளைந்துவிட்டால் மூத்தவர் முகம் மலரும், மலர்ந்தால் கம்பெனிக்காரனை வரவேண்டாம் என்பார், அவ்வளவுதானே என்று இருந்துவிட்டாள். கால் பங்கு கூடுதல் என்கிற பேச்சு காதில் விழாமல் இல்லை. அது ஆண்கள் பேசுகிற கணக்கு, விளைச்சலைக் கண்ணால் பார்த்தால் மறந்துபோவார்கள் என்று நினைத்தாள். நடுவில் மூன்று நாள் நல்ல மழையும் பெய்தது. வடக்குப் பாதி எழுந்துவிட்டது.

நாற்பதாம் நாள் மேடம் வந்தார். தெற்கே இலையைப் பிடித்துப் பார்த்தார், வடக்கே பிடித்துப் பார்த்தார். அளவுகோலை வைத்தார். மறுபடி வைத்தார். நெற்றியைச் சொறிந்துகொண்டார்.

"என்ன மேடம், பயிர் நல்லா இல்லையா?"

"நல்லாத்தான் இருக்குக்கா. அதுதான் கஷ்டமே. செத்ததை ஊத்தின பக்கமும் இப்படி நின்னா எப்படி? மழை பெஞ்சு உப்பைக் கழுவிடுச்சுன்னுதான் எல்லாரும் சொல்லுவாங்க. வித்தியாசம் இல்லன்னா, இந்தக் கிருமி வேலை செய்யலன்னுதானே நான் எழுதணும்?"

கரண்டிக்கு அப்போதுதான் புரிந்தது. தன் கையாலேயே தன் வயலைக் குளமாக்கிவிட்டிருக்கிறாள்.

சொல்லியிருக்கலாம். மேடம் போனபின் இன்னொன்று செய்தாள்: வாளியை எடுத்துக்கொண்டு கழிக்குப் போனாள், உப்புத்தண்ணீர் மொண்டு வந்து வடக்குப் பாதியின் முதல் வரிசையில் நின்றாள். ஒரு வாளி ஊற்றினால் ஒரு வரிசை சுருளும். நூறு வாளி ஊற்றினால் கால் பங்கு வித்தியாசம் வந்துவிடும். செடிகள் அவள் தோளுக்கு மேலே நின்றன. இலை ஒன்றோடொன்று உரசிச் சலசலத்தது. அரை மணி நேரம் நின்றாள். பிறகு தண்ணீரைக் கழியிலேயே கொண்டுபோய்க் கொட்டிவிட்டு, கரையில் உட்கார்ந்து அழுதாள்.

அறுவடையன்று தராசை மேடமே கொண்டுவந்து மரக்கிளையில் தொங்கவிட்டார். தெற்கே பத்து வரிசை, வடக்கே பத்து வரிசை. புருஷன் கதிரை ஒடித்துக் கூடையில் கொட்டினான். கரண்டி கூடையைத் தூக்கிவந்தாள். தெற்கே நானூற்றுப் பன்னிரண்டு கிலோ. வடக்கே நானூற்று ஆறு.

மூத்தவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஜெயித்த முகம் இல்லை அது.

"மழைதான்டா தம்பி," என்றார் மெதுவாக. "நல்ல மழை. அடுத்த வருஷம் மழை பொய்ச்சா மறுபடி நாலு மணிதான். பேசினது பேசினதுதான். நாளைக்கு அவன் வரான்."

புருஷன் கூடையைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு அதன்மேல் உட்கார்ந்தான். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

"மழை இல்ல மாமா," என்றாள் கரண்டி. "நான் ஊத்தினேன்."

"எதை ஊத்தின?"

"உயிருள்ளதை. உங்க பாதிக்கு. வாரா வாரம்."

புருஷன் முகத்திலிருந்து கையை எடுத்தான். "என்னடி சொல்ற? கேனுதான் காலியாச்சே?"

"உறை ஊத்தி வச்சேன்."

"என்னது?"

"வெல்லத்தண்ணியில உறை ஊத்தினேன். தயிருக்கு ஊத்துற மாதிரி. பெருகிச்சு."

"அடிப்பாவி!" என்று எழுந்தான் அவன். "அறிவு இருக்கா உனக்கு? மூணு வருஷமா நான் நாய் மாதிரி அலைஞ்சது எதுக்கு? அந்தப் பாதி காஞ்சாத்தான்டி இந்த வயல் நமக்கு! படிச்சுப் படிச்சுச் சொன்னாங்களே அந்தம்மா!"

மேடம் தராசைப் பிடித்தபடியே நின்றார். கண் கலங்கியிருந்தது. "ஒரு வருஷ வேலைக்கா. நாற்பதாம் நாள் கேட்டேனே, அப்பவாவது சொல்லியிருக்கக் கூடாதா?"

"பயமா இருந்துச்சு மேடம்."

மூத்தவர் கையை உயர்த்தி எல்லோரையும் அடக்கினார். "இரு இரு. நல்லா இருக்கே கதை. எடை சமமா வந்ததும், நான் ஊத்தினேன்னு இவ சொன்னா நான் நம்பிடணுமா? புருஷனைக் காப்பாத்தப் பொம்பளை ஆயிரம் சொல்லுவா."

கரண்டி வீட்டுக்குப் போய்ப் பானையைத் தூக்கிக்கொண்டு வந்து அவர் காலடியில் வைத்தாள். மேடம் துணியை அவிழ்த்து முகர்ந்தார். விரலைத் தோய்த்துத் தேய்த்துப் பார்த்தார். பிறகு வடக்கே போய் நாலு சோளத்தட்டையை வேரோடு பிடுங்கி மண்ணை உதறினார். வேர் தாடி மாதிரி அடர்ந்திருந்தது.

"லேப்ல பாத்தாத்தான் சொல்ல முடியும். ரெண்டு வாரம் ஆகும்," என்றார். "ஆனா அவங்க பொய் சொல்லல. வாசனை அதேதான்."

மூத்தவர் பானையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "ஏன்மா ஊத்தின?"

"அது உங்க பங்கு மாமா."

"அதனால?"

"எங்க பங்குக்கு உயிரு, உங்க பங்குக்குச் செத்தது. அதை வச்சுக்கிட்டு தினமும் உங்களுக்குச் சோறு போட எனக்குக் கை வரல."

கிழவர் தலையைக் குனிந்துகொண்டார். முட்டியைத் தேய்க்கிற கை நின்றுபோனது. யார் முகத்தையும் பார்க்காமல், "இன்னொரு போகம் பாக்கலாம்" என்றார். "அவன்கிட்ட அடுத்த போகத்துக்கு அப்புறம் வான்னு சொல்லிடுறேன். கால் பங்குன்னு சொன்னது சொன்னதுதான், அதுல மாத்தம் இல்ல. ஆனா இந்தத் தடவையும் என் பாதிக்கே செத்ததைப் போடுங்க மேடம். காசெல்லாம் சுண்ட வேண்டாம். இவளை மட்டும் வடக்குப் பக்கம் விடாதீங்க."

இரண்டு வாரத்தில் லேபிலிருந்து வந்த தாளில், வடக்கு வேரிலும் அதே கிருமி, பானையிலும் அதே கிருமி என்று இருந்தது. மேடம் அந்தத் தாளை மூத்தவரிடம் படித்துக் காட்டினார். அவர் ம் என்றதோடு சரி. வடக்கே கிடந்த வேரையெல்லாம் பிடுங்கி எரித்து, மண்ணை உழுது கோடை வெயிலில் காயப்போட்டு, பழைய கிருமி செத்தபிறகே மறுபடி விதைக்க விட்டார் மேடம்.

அடுத்த போகத்தில் மழை ஏமாற்றிவிட்டது. வானம் துடைத்துவைத்த தட்டு மாதிரி கிடந்தது. மூத்தவர் காலையிலேயே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் நடு வாய்க்கால் கரையில் போட்டு உட்கார்ந்துவிடுவார், காவலுக்கு. சாப்பாட்டைக் கரண்டி அங்கேதான் கொண்டுபோவாள். தட்டைக் கொடுத்துவிட்டு வடக்கே திரும்பாமல் வருவாள்.

தெற்கே இடுப்பளவு கரும்பச்சை. வடக்கே முழங்காலைத் தாண்டவில்லை. முதலில் இலைநுனி வெளுத்தது, பிறகு ஓரம் தீய்ந்தது, அடியிலை ஒவ்வொன்றாகத் தொங்கியது. இந்த வித்தியாசம்தான் எல்லோரும் கேட்டது. புருஷனுக்கு ஆலையில் வேலை ஓடியது. மூட்டை தைக்கும்போது பாட்டு வந்தது. கரண்டிக்கு மட்டும் சோறு இறங்கவில்லை.

முப்பத்தைந்தாம் நாள் முற்பகலில், காவலுக்குப் போன மனுஷன் முக்கால் மணி நேரத்தில் திரும்பி வந்தார். வாசற்படியில் ஏற முடியாமல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்ன மாமா, முட்டி வலியா?"

"அதெல்லாம் இல்ல." இருமினார். "அந்தப் பானை... இருக்கா?"

கரண்டி முறத்தைக் கீழே வைத்தாள். "இருக்கு. வாரா வாரம் வெல்லத்தண்ணி விட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். எதுக்கு?"

"எதுக்குன்னா கேக்குற? காலையில சூடு ஏறுறதுக்குள்ள இலையெல்லாம் சுருட்டிக்கிட்டு நிக்குதும்மா. என்னையே பாக்குற மாதிரி இருக்கு. நாற்காலியில உக்காந்துக்கிட்டுச் சாகுறதை வேடிக்கை பாக்க நான் என்ன மனுஷனா, எருமையா?"

"சோதனை கெட்டுடும் மாமா."

"கெடட்டும்."

"மேடத்துக்கு என்ன பதில் சொல்றது?"

"நான் சொல்லிக்கிறேன்."

அவளுக்கு உடனே ஓடிப்போய்ப் பானையைத் தூக்க வேண்டும் போலிருந்தது. ஆனால் அசையவில்லை. இருபது வருஷத்தில் அவரிடம் ஒன்றும் கேட்டுப் பழக்கமில்லாதவள், கேட்டாள்: "கம்பெனிக்காரனுக்கு என்ன பதில் மாமா?"

மூத்தவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். எட்ட வைத்து எண்ணைத் தேடி அழுத்தினார். ஒர்க்‌ஷாப்பில் கத்தியே பழகிய குரல், தெருவுக்கே கேட்டது.

"ஹலோ... ஆமாய்யா, நான்தான். குளமெல்லாம் வேணாம்... இல்ல, அடுத்த வருஷமும் வேணாம்... என்ன காரணமா? பயிர் பசியா நிக்குதுய்யா, எனக்கு வேலை இருக்கு. வச்சிடு."

பானையை அவள் தூக்கிக்கொண்டாள். குவளையையும் வாளியையும் அவர் எடுத்துக்கொண்டு நொண்டி நொண்டிப் பின்னால் வந்தார்.

வரப்பில் இறங்குமுன் அவள் நின்றாள். "பத்து வரிசை விட்டுடணும் மாமா. மேடத்துக்கு."

"பத்தா? அஞ்சு போதாதா?"

"எடை போடப் பத்து வேணும். மறுபடியும் அந்தப் பொண்ணை அழவிட முடியாது. ஒரு தடவை விட்டாச்சு."

"அந்தப் பத்து மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?"

அவள் கிழக்கு ஓரத்திலிருந்து எண்ணிக்கொண்டு வந்து, பத்தாவது வரிசை முடிவில் ஒரு குச்சியை நட்டாள். பதினோராவதிலிருந்து ஊற்ற ஆரம்பித்தாள், செடிக்கு ஒரு குவளை. அவர் வாளியைப் பிடித்துக்கொண்டு கூடவே நகர்ந்தார். வேலை முடிந்தபோது பானையின் அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது, ஏழெட்டுச் செடிக்கு வரும். இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். கரண்டி துணியை இறுக்கிக் கட்டினாள். வீட்டுக்குப் போகும்போது அந்தப் பத்து வரிசை இருந்த பக்கம் அவள் முகத்தைத் திருப்பவே இல்லை.